அருளும் அதன் தாயும்

கல்வியின் பயன் யாது என்னும் வினாவுக்குப் பெரியோர் கூறும் விடைகள் பல. அறிவு பெறுதலே பயன் என்பர் சிலர். ஒழுக்கம் பெறுதலே என்பர் சிலர். வாழ்க்கைக்கு ஒரு வழி தேடிக்கொள்ளுதலே என்பர் வேறு சிலர். இவற்றுள் ஒன்றையேனும் பொய்யென்று தள்ளுதற்கில்லை. ஆயினும், கற்றவனொருவன் அயலான் படுந் துன்பத்தைக் கண்ணாற் கண்டும் உள்ளம் அசையாது நிற்பானாயின், அவனுக்குக் கற்பித்தவரின் உழைப்பு விழலுக்கிறைத்த நீரேயாம். நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் அன்புடன் கேட்டனர். கல்லூரியின் வரலாற்றையும் வெற்றிகளையும் என்னினுஞ் சிறப்பாக எழுத வல்லார் பலர் இருத்தலின், நெடுங்காலமாக என் மனத்தில் நின்று உறுத்தும் வினாவொன்றை எழுதத் துணிந்தேன். பிறர் வருத்தங் கண்டு இரங்கும் இயல்பு ஒரு பிள்ளைக்கு எங்கிருந்து வருகின்றது? பாடநூலிலிருந்தா, பிரம்பிலிருந்தா, பிறவியிலிருந்தா, அன்றித் தாய்மடியிலிருந்தா? இதுவே அவ்வினா.

சிறுவர்க்குத் திருக்குறள் கற்பிக்கும் எவர்க்கும் இவ்வினா எழாதிருத்தல் அரிது. சில ஆண்டுகளுக்கு முன்னர், இடைவேளையின்போது முற்றத்தில் ஓடிவந்த சிறுவனொருவன் கால் இடறி விழுந்தான். முழங்காலில் தோல் பெயர்ந்து இரத்தங் கசிந்தது. அருகில் நின்ற மூவரை நான் கவனித்தேன். ஒருவன் கைகொட்டிச் சிரித்தான். மற்றொருவன் முகம் வெளிறி, விலகிச் சென்று தூணின் மறைவில் நின்றான். மூன்றாமவன் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து காயத்தைக் கழுவி, “எரியுதே? கொஞ்சம் பொறு, நான் ஊதிவிடுறன்” என்று சொல்லிக் குனிந்து ஊதினான். அருளுடைமை அதிகாரத்துப் பத்துக் குறளையும் தட்டுத் தடங்கலின்றி ஒப்புவிப்பவன் சிரித்தவனே. ஊதியவனோ இரண்டு குறளுக்கு மேல் ஒப்புவிக்க மாட்டாதவன்.

காயத்தை ஊதி ஆற்றும் வித்தை எந்தப் பாடநூலிலும் எழுதப்படவில்லை. முன்னொரு நாள் எவரோ ஒருவர் அவனுடைய காயத்தை ஊதியிருத்தல் வேண்டும். பெற்றோர் சந்திப்பு நாளில் அவர் யாரென்பது எனக்குத் தெரியவந்தது. பையனுடன் வந்தவர் அவனுடைய அம்மம்மா. “சேர், இவன் படிப்பிலை கொஞ்சம் பிந்தித்தான். ஆனா ஆரும் அழுதா இவனுக்குத் தாங்காது” என்றார் அம் மூதாட்டி. அதனை ஒரு குறைபோலவே அவர் சொன்னார். “அம்மா, அது குறையில்லை, நாங்கள் படிப்பிக்க முடியாத பாடத்தை நீங்கள் படிப்பிச்சு அனுப்பியிருக்கிறியள்” என்று நான் விடை கூறினேன்.

இவ்வுண்மை தமிழர்க்குப் புதியதன்று. திருவள்ளுவர் அன்பையும் அருளையும் ஒன்றெனக் கொள்ளாது, வெவ்வேறு இடங்களில் வைத்துக் கூறினார். அன்புடைமை எட்டாம் அதிகாரம்; இல்லறவியலில் நிற்பது. அருளுடைமை இருபத்தைந்தாம் அதிகாரம். துறவறவியலின் வாயிலில் நிற்பது. தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலுஞ் செல்வது அருள் என்பது பரிமேலழகர் காட்டும் வேறுபாடு. அன்புடைமைக்கு முன்னே நிற்பது மக்கட்பேறு என்பதும் கருதத்தக்கது. குழந்தை வந்த பின்னரே அன்பைப் பற்றிப் பேசுகின்றார் புலவர். இவற்றினும் வியப்பானது பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்திற் காணப்படும் ஓர் உருவகம். அங்கே அருளைக் குழந்தையாகவும், அன்பை அதனைப் பெற்ற தாயாகவும், செல்வத்தை அதனை வளர்க்குஞ் செவிலியாகவும் அவர் காட்டுகின்றார். அன்பு முதிர்ந்தவிடத்தே அருள் தோன்றும் என்பது உரையாசிரியர் தரும் விளக்கம். தன்னைச் சார்ந்தோரிடம் அன்பு பெற்று, அன்பு செய்து பழகாத உள்ளத்தில், அயலானிடத்துச் செல்லும் அருள் எளிதிற் பிறவாது. நான் இக்கட்டுரையிற் கூற விழைவது இவ்வொன்றே. கடந்த எண்பது ஆண்டுகளிற் குழந்தையுள்ளத்தை ஆராய்ந்த உளவியலறிஞர் வேறு வழியே நடந்து இதே வாயிலை வந்தடைந்தனர் என்பதை இனிக் காண்போம்.

அவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிருந்தவற்றுள் ஒன்று இரண்டாம் உலகப்போர். 1939-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சிய பிரித்தானிய அரசினர், சில நாள்களுக்குள் ஏறத்தாழ 15 இலட்சம் மக்களை நகரங்களிலிருந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினர். அவருட் பெரும்பாலோர் பெற்றோரைப் பிரிந்து சென்ற பிள்ளைகள். உடலைக் காத்தற்கு அது நல்ல வழியே. ஆயினும் அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில் ஜோன் போல்பி, டொனால்ட் வினிக்கொட், இமானுவேல் மில்லர் என்னும் மருத்துவர் மூவர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாயரிடமிருந்து பிரித்தல் பின்னாளிற் பெருந் தீங்கு விளைக்கக்கூடுமென எச்சரித்து, பிரித்தானிய மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினர். இலண்டன் நகரில் அனா புரொய்ட் அம்மையாரும் டொரதி பேர்லிங்காம் அம்மையாரும் போர்க்காலக் குழந்தைகள் இல்லங்களை நடத்தினர். குண்டு விழும் ஓசையைக் காட்டிலும் தாயின் பிரிவே சிறு குழந்தைகளை மிகுதியும் வருத்தியதென்றும், தாய் அமைதியாயிருக்குமிடத்துக் குழந்தையும் பெரும்பாலும் அமைதியாயிருந்ததென்றும் அவர்கள் கண்டெழுதினர்.

இதனைப் படித்தபோது எனக்கு நூற்செய்தியாகத் தோன்றவில்லை. 1995-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்ட இரவில், நானும் அக்கூட்டத்தில் ஒருவன். அப்போது எனக்குப் பதின்ம வயது. என் தங்கைக்கு மூன்று வயது. மழை பெய்துகொண்டிருந்தது. நாவற்குழிப் பக்கமாகச் செல்லும் வீதியில் அடி எடுத்து வைக்க இடமில்லை. தங்கை அம்மாவின் இடுப்பிலிருந்தாள். அவள் விம்மத் தொடங்கும்போதெல்லாம் “அம்மா இருக்கிறன்தானே குஞ்சு” என்று முதுகைத் தடவினார் தாயார். அவருடைய கை நடுங்கியதை நான் கண்டேன், குரல் நடுங்கவில்லை. வழியில் எமக்கருகே வந்த முன்பின் அறியாத குடும்பத்துக் குழந்தையொன்று வீறிட்டழுதது. தங்கை சற்று நேரம் அதனைப் பார்த்தாள். பின்பு, தன் கையிலிருந்த, மழையில் ஊறிய பாதி பிஸ்கற்றை அக்குழந்தையை நோக்கி நீட்டினாள். கொடுவென்று எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. பகிர்ந்துண்ணலைப் பற்றிய பாடல் ஒன்றும் அவளறியாள். அந்த இரவு முழுதும் அவள் பெற்றுக்கொண்டிருந்ததையே அவள் கொடுத்தாள்.

போல்பியின் ஆராய்ச்சி இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. களவு செய்து பிடிபட்ட 44 சிறுவரைப் பற்றிய ஆய்வொன்றை அவர் 1944-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர்களுள் 14 பேர் எவரிடத்தும் பாசமின்றி, செய்ததற்கு நாணுதலுமின்றி இருந்தனர். அப்பதினால்வருள் 12 பேர் குழந்தைப் பருவத்தில் நெடுநாள் தாயையோ தாய்போன்றவரையோ பிரிந்திருந்தவர்கள். இது சிறியதோர் ஆய்வு; பின்வந்தோர் இதன் முறையிற் குறைகளைச் சுட்டியுள்ளனர். எனினும் வினா எழுப்பப்பட்டுவிட்டது. 1951-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை பல நாடுகளிலும் அநாதை இல்லங்களின் நடைமுறையை மறுபடி சிந்திக்க வைத்தது. அடுத்த ஆண்டு, அவருடைய உடனுழைப்பாளர் ஜேம்ஸ் றொபேட்சன், சத்திர சிகிச்சைக்காக எட்டு நாள் வைத்தியசாலையில் விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்துக் காட்டினார். பெற்றோர் குறித்த நேரத்தில் மட்டுமே பிள்ளையைப் பார்க்கலாமென்றிருந்த வைத்தியசாலை விதிகள் பின்னர் மெல்ல மெல்லத் தளர்ந்தமைக்கு அப்படமும் ஒரு காரணமாயிற்று.

போல்பி வகுத்த கொள்கையை வீடு வீடாகச் சென்று சோதித்தவர் மேரி எயின்ஸ்வேத் என்னும் அம்மையார். 1954-ஆம் ஆண்டில் உகண்டா சென்ற அவர், கம்பாலா நகரையடுத்த ஊர்களில் 26 குடும்பங்களைச் சேர்ந்த குழந்தைகளைப் பல மாதங்களாகக் கவனித்தார். பின்பு அமெரிக்காவிலுள்ள பால்ற்றிமோர் நகரிலும் 26 குடும்பங்களைத் தெரிந்து, குழந்தை பிறந்தது முதல் ஓராண்டு வரை ஒவ்வொரு வீட்டுக்கும் பலமுறை சென்று, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தங்கிக் குறிப்பெடுத்தார். நம் நாட்டிலும் பலர் நம்பும் கருத்தொன்றை அக்குறிப்புகள் அசைத்தன. அழுதவுடன் தூக்கினாற் பிள்ளை கைப்பழக்கமாகிவிடும். பின்னர் எப்போதும் அழும் என்பது அக்கருத்து. அழுகைக்கு விரைந்து செவிசாய்த்த தாயரின் குழந்தைகளே ஓராண்டு முடிவிற் குறைவாக அழுதன என்பது 1972-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய முடிபு. தன் குரலுக்கு விடை உண்டென்று கண்ட குழந்தைக்கு ஓயாது அழவேண்டிய தேவையில்லை. அழாமலே பிறருடன் உறவாடும் வேறு வழிகளையும் அது கற்றுக்கொள்கின்றது. இவ்வாறு உருவாகும் உறவையே பிணைப்பு என்கின்றனர். பாதுகாப்பான பிணைப்புடைய குழந்தை, தாய் அருகிலிருக்கத் துணிந்து உலகை ஆராயும். அஞ்சியபோது திரும்பிவந்து மடியிலேறும். தேறியபின் மறுபடி புறப்படும்.

இப்பிணைப்புக்கும் அருளுக்கும் தொடர்பு யாது என்று வினவலாம். தாயிடம் ஒட்டிக்கொள்ளும் பிள்ளை தன்னலமுடையதாகவன்றோ வளரும் என்று கருதுவாரும் உளர். அருளின் வித்து பிறவியிலேயே உண்டு என்பதை முதலிற் கூறுதல் வேண்டும். பிறந்து ஓரிரு நாளேயான சிசு, வேறொரு சிசுவின் அழுகுரல் கேட்டுத் தானும் அழுகின்றது என்பதை 1970-களில் ஆய்வாளர் காட்டினர். ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வானெக்கன், தொமசெல்லோ என்னும் இருவர் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டு மாதக் குழந்தைகள் 24 பேருள் 22 பேர், கைதவறிப் பொருளை விழவிட்ட அந்நியனுக்கோ, கைநிறையப் பொருள் வைத்திருந்தமையாற் கதவு திறக்கமாட்டாது நின்ற அந்நியனுக்கோ, ஒருமுறையேனும் தாமாகவே உதவினர். 2008-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு ஆசிரியர்க்குப் பெரிதும் பயன்படுவது. உதவியதற்குப் பரிசுப்பொருள் பெற்ற குழந்தைகள் பின்னர் உதவுதலிற் குறைந்தனர். பரிசு பெறாத குழந்தைகளோ முன்போலவே உதவினர். பரிசளிப்பு விழாவில் நாம் எல்லாவற்றுக்கும் கிண்ணம் வழங்குதல் நன்றோ என இது நம்மைச் சிந்திக்கச் செய்கின்றது.

வித்து இருப்பினும் அது முளைத்து வளர நிலம் வேண்டும். மாட்டின் ஹொவ்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர் எடுத்துக்காட்டும் குழந்தையொருவனை இங்கே நினைத்தல் பொருந்தும். தன் தோழன் அழக் கண்ட அச்சிறு பாலன், தோழனுடைய தாய் அவ்விடத்திலேயே இருக்கவும், ஓடிச்சென்று தன் தாயைக் கைப்பிடித்து அழைத்துவந்தானாம். தோழனுக்கு வேண்டியது தோழனின் தாய் என்பதை அறியும் அளவுக்கு அவனுடைய அறிவு இன்னும் வளரவில்லை. ஆனால் அழுகைக்கு மருந்து எது என்பதை அவன் அறிந்திருந்தான். ஆறுதல் என்னும் சொல்லுக்கு அவனுடைய அகராதியில் ஒரேயொரு பொருள்தான் இருந்தது. அப்பொருள் அவன் தாய். அகராதியில் அச்சொல்லே இல்லாத பிள்ளை பிறர்க்கு எதனைக் கொண்டுவந்து கொடுக்கும்?

பிணைப்பு அருளாக மாறும் வழிகள் மூன்றென நான் எண்ணுகின்றேன். முதலாவது, கலங்கிய உள்ளம் தெளியக் கற்றல். பிறர் நோவைக் காணும்போது நம் உள்ளமும் நோகின்றது. அந்நோவைத் தாங்க வல்லவனே அருகிற் செல்வான். தாங்க மாட்டாதவன் விலகி ஓடுவான். தூணின் மறைவில் நின்ற மாணவன் கல்நெஞ்சனல்லன். அவன் மிகுதியும் உணர்ந்தான். உணர்ந்ததை ஆற்றிக்கொள்ளத்தான் அவனுக்குத் தெரியவில்லை. பலமுறை பிறரால் ஆற்றப்பட்ட பிள்ளையே தன்னைத்தான் ஆற்றக் கற்கும். இரண்டாவது, உணர்ச்சிகளுக்குப் பெயர் அறிதல். “உனக்குக் கோபம் வந்திட்டுது என்ன?”, “தம்பி பயந்துபோனான் பார்” என்றெல்லாம் பேசும் வீட்டிற் பிள்ளை தன்னுள்ளத்தையும் பிறருள்ளத்தையும் வாசிக்கப் பழகுகின்றது. எழுத்து வாசிக்கக் கற்குமுன் முகம் வாசிக்கக் கற்பது இவ்வாறே. மூன்றாவது, உலகத்தைப் பற்றிய எண்ணம். துன்பப்பட்டால் எவரேனும் வருவர் என்று கண்ட பிள்ளை, பிறர் துன்பப்படும்போது வரவேண்டியவன் தானே என்று கொள்ளும். எவரும் வரார் என்று கண்ட பிள்ளைக்கு அழுகுரல் வெறும் ஓசையாகிவிடும். அன்றி, அச்சமூட்டும் ஓசையாகிவிடும்.

கடைசியிற் கூறியதற்குச் சான்று 1985-ஆம் ஆண்டில் மேரி மெயின், கரொல் ஜோர்ஜ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு. ஒன்று முதல் மூன்று வயது வரையான, வீட்டில் அடிபட்டுத் துன்புற்ற குழந்தைகள் பத்துப் பேரையும், அவ்வாறே வறிய, ஆனால் அடிபடாத குழந்தைகள் பத்துப் பேரையும் பகற்பராமரிப்பு நிலையங்களில் அவர்கள் கவனித்தனர். வேறொரு குழந்தை அழுதபோது, இரண்டாங் கூட்டத்தார் பெரும்பாலும் அக்கறையோடு நோக்கினர். சிலர் அருகிற் சென்று தேற்றினர். முதற்கூட்டத்தாரில் ஒருவரேனும் இரங்கவில்லை. சிலர் அஞ்சினர்; சிலர் சினந்தனர்; சிலர் அழும் குழந்தையை அடித்தனர். அக்குழந்தைகளை நாம் பழித்தல் தகாது. அழுதால் அடி விழும் என்பதே அவர்கள் கற்ற பாடம். கற்றதை அவர்கள் பிழையின்றி ஒப்புவித்தனர்.

இனி, கண்டிப்பைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அன்பு காட்டுதல் என்பது கண்டியாது விடுதலன்று. பிள்ளை பிழை செய்தவிடத்துப் பெற்றோர் கையாளும் வழிகளை ஹொவ்மன் மூன்றாக வகுத்தார். வலிமையைக் காட்டி அடக்குதல் ஒன்று. “இனி உன்னோடு கதைக்கமாட்டன்” என்று அன்பைப் பறித்தல் ஒன்று. செய்த செயலாற் பிறர்க்கு நேர்ந்த துன்பத்தை எடுத்துக்காட்டி விளங்க வைத்தல் ஒன்று. மூன்றாவது வழியே அருளை வளர்ப்பதென்பது அவர் துணிபு. 1979-ஆம் ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆய்வு இதற்கு மேலுமொரு நுட்பத்தைச் சேர்த்தது. இரண்டு வயதளவான பிள்ளைகளின் தாயரே பயிற்சி பெற்று மாதக்கணக்கில் நாட்குறிப்பு எழுதிய அவ்வாய்வில், உணர்ச்சியின்றி ஓதும் உபதேசம் பயன் தரவில்லை. “பார், அவளுக்கு நோகுது! கடிச்சா நோகுமெல்லே!” என்று உள்ளத்தோடு சொல்லிய தாயரின் பிள்ளைகளே வருந்தியோரைத் தேற்றவும், தாம் செய்த தீங்குக்கு ஈடுசெய்யவும் முற்பட்டனர்.

இத்தகைய வளர்ப்பின் பயன் தொட்டிலோடு முடிவதன்று. நாற்சிகளின் கொடுங்கோலாட்சியில், உயிருக்கு ஆபத்து என்றறிந்தும் யூதரைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்த மக்கள் ஐரோப்பாவிற் பலர் இருந்தனர். அவ்வாறு காத்தோர் 400-க்கும் மேற்பட்டோரைச் சாமுவேல் ஒலினரும் அவர் மனைவியார் பேர்ள் ஒலினரும் நேர்கண்டு ஆராய்ந்து 1988-ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டனர். சாமுவேல் ஒலினரே போலந்து நாட்டில், சிறுவனாயிருந்தபோது, குடியானவப் பெண்ணொருத்தியின் உதவியால் உயிர் தப்பியவர். காத்தவர்களுக்கும் காவாது வாளாவிருந்தவர்களுக்கும் இடையே அவர்கள் கண்ட வேறுபாடுகளுள் ஒன்று இளமை வளர்ப்பு. காத்தவர்களின் பெற்றோர் அடித்தலைக் குறைத்து, காரணங்கூறி விளக்குதலை மிகுதியாகக் கையாண்டனர். நள்ளிரவிற் கதவைத் தட்டிய அந்நியனுக்குக் கதவைத் திறந்த கை, பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அடுக்களையிற் பழகிய கையாகும்.

அடியாத மாடு படியாது என்பது நம்மவர் எடுத்தாளும் பழமொழி. மாட்டுக்கு அது பொருந்துமோ என்பதை மாடு வளர்ப்போரே கூறவேண்டும். பிள்ளைகளைப் பற்றியவரை, அடி அச்சத்தைத் தரும்; அச்சம் அமைதியைத் தரும்; அவ்வமைதியைக் கண்டு நாம் ஒழுக்கமென்று மயங்குவோம். அடிபடும் பிள்ளையின் கவனம் முழுதும் தன் நோவிலேயே நிற்கும். தான் கிள்ளிய தோழனின் நோவை நினைக்க அதற்கு நேரமேது? ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்ற காலத்தில் வகுப்பை அடக்கும் முறைகள் பல கற்றேன். இருபதாண்டு அனுபவத்தில் நான் கண்டது, “தம்பி, நீ சொன்னதைக் கேட்டு அவன்ரை முகம் எப்படி மாறினது, பார்த்தனியே?” என்னும் ஒரு கேள்வி அம்முறைகள் பலவற்றிலும் வலியது என்பதே.

இவ்வளவுங் கூறியபின், தாயர்மேற் பழி சுமத்துவதாக இக்கட்டுரையை எவரும் கொள்ளலாகாது. போல்பியின் முற்காலக் கருத்துகள் தாயொருத்தியையே மிகுதியும் வற்புறுத்தின. மைக்கல் றட்டர் 1972-ஆம் ஆண்டில் அவற்றை மறுபரிசீலனை செய்து, குழந்தை பலரோடு பிணைப்புக் கொள்ள வல்லதென்றும், பிரிவினும் அன்பின்மையும் குடும்பப் பூசலுமே பெரிதுங் கெடுப்பன என்றும் காட்டினார். தந்தை, அம்மம்மா, அப்பப்பா, மாமி, மூத்த சகோதரி ஆகிய எவரும் அம்மடியாகலாம். குறைவற்ற தாய் வேண்டுமென்பதும் இல்லை. போதிய அளவு நல்ல தாயே போதும் என்பது வினிக்கொட்டின் கருத்து. தாயுஞ் சேயும் முகம்நோக்கி விளையாடும் நேரத்திலும், இருவரும் ஒத்திசைந்திருப்பது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நேரமே என எட்வேட் ட்ரொனிக் என்னும் ஆய்வாளர் கண்டார். எஞ்சிய நேரமெல்லாம் பிசகுதலும் மறுபடி பொருந்துதலுமே. உறவு முறியும், பின் ஒட்டும் என்பதைக் கற்றலும் குழந்தைக்கு வேண்டும். பிறவிக் குணத்துக்கும் பங்குண்டு. ஒரே மடியில் வளர்ந்த இருவர் ஒருபடித்தாய் இருப்பதில்லை. இளமையில் அன்பு பெறாதார் பின்னர் அதனைப் பெறவே மாட்டார் என்பதும் இல்லை. நல்ல ஆசிரியர், நல்ல நண்பர், நல்ல வாழ்க்கைத்துணை வாயிலாகத் தேறியோர் பலர்.

செல்வத்தைச் செவிலியாக வள்ளுவர் கூறியதன் நுட்பம் நம் நாட்டில் தெளிவாகப் புலனாகின்றது. கடந்த பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான தாய்மார் தம் பிள்ளைகளை விட்டு, மத்திய கிழக்கு நாடுகளிற் பிறர் பிள்ளைகளை வளர்க்கச் சென்றுள்ளனர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்மார் அவ்வாறு செல்லுதலை 2013-ஆம் ஆண்டில் வந்த விதியொன்று தடுத்தது. 2022-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. இவ்விதிகளின் நன்மை தீமைகளை ஈண்டு ஆராயப் புகவில்லை. செவிலியில்லாத வீட்டிற் பெற்ற தாயே செவிலியைத் தேடி ஊர்விட்டுப் போகவேண்டியிருக்கிறது என்பதை மட்டும் சுட்டுகின்றேன். அத்தாயைக் குறைகூறுதல் எளிது. அவள் விட்டுச்சென்ற பிள்ளைக்கு மடியாக நிற்கும் அம்மம்மாவுக்கு நாம் என்ன துணை செய்தோம் என்று கேட்பதே தகுதி.

நம் கல்லூரி இதிற் செய்யத்தக்கது உண்டா? உண்டு. பிள்ளைகள் நம் வாயிலுக்கு வருமுன்னரே முதற்பாடம் முடிந்துவிடுகிறது என்பது உண்மையாயினும், பாடம் இரண்டாம் முறை கற்பிக்கப்படலாகும். கீழ்வகுப்புகளுக்கு நம்முள் மிக்க பொறுமையுடையாரை ஆசிரியராக அமர்த்தல் வேண்டும். மேல்வகுப்புகளே மதிப்புடையன என்னும் எண்ணம் மாறவேண்டும். புதிதாய்ச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெயரும் வீட்டு நிலையும் அறிந்த ஆசிரியர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். அழும் பிள்ளையைப் பார்த்து “ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது” என்னும் பேச்சு இவ்வளாகத்தில் ஒழியவேண்டும். தன் கண்ணீரை மறைக்கக் கற்பிக்கப்பட்டவன் பிறர் கண்ணீரைக் காணவும் கூசுவான். பெற்றோர் சந்திப்பிற் புள்ளிகளைப் பற்றிப் பேசும் நேரத்திற் காற்பங்கையேனும் பிள்ளையின் உள்ளத்தைப் பற்றிப் பேசுதற்கு ஒதுக்குவோமாக.

பழைய மாணவர்களாகிய அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கட்டடங்களும் விளையாட்டரங்கும் உங்கள் கொடையால் எழுந்தன. அதற்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். இனி, தாய் தந்தையரைப் போரினாலோ வறுமையினாலோ பிரிந்து, முதிய பாட்டியாரின் கைப்பராமரிப்பில் வாழும் மாணவர் சிலருக்கேனும் மாதந்தோறும் ஒரு தொகையும், அதனினும் மேலாக மாதமொருமுறை ஒரு வருகையும் அளிக்க முன்வாருங்கள். தந்தையராகிய இளைஞர்களே, பணியிலிருந்து மாலையில் வீடு திரும்பியதும், கைத்தொலைபேசியை எடுக்குமுன் குழந்தையை எடுங்கள். அது எதற்காக அழுகின்றது என்பது உங்களுக்கு விளங்காமற்போகலாம். விளங்காதிருந்தும் எடுத்தீர்கள் என்பது அதற்கு விளங்கும்.

அன்பு பெற்ற குழந்தை அருளைப் பெறும். அருள் பெற்ற மக்கள் நாட்டைப் பெறுவர். நம் கல்லூரி இன்னும் பல விழாக்கள் காண்பதாக! அதன் வாயிலிற் புகும் சிறுவர் அறிவிற் சிறந்தும் அருளில் முதிர்ந்தும் வெளிவருவாராக! அவர்களைத் தோளிலும் மடியிலும் சுமந்து அவ்வாயில்வரை கொணர்ந்து விட்ட அன்னையரும் தந்தையரும் அம்மம்மாமாரும் நீடூழி வாழ்க!